ஒன்பது மணி கேட்

எட்டுப் பெண்களின் கையெழுத்தை ஒருத்தியே போடுவது லேசான வேலை இல்லை. நான்காவது கையெழுத்துக்கு மேல் எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரி ஆகிவிடுகின்றன. பெரியவள் சனிக்கிழமை காலை டீ குடித்த கையோடு உட்கார்ந்தவள், மத்தியானச் சோறு ஆறி அவலாகும்வரை எழுந்திருக்கவில்லை. நீள நோட்டு ஒன்று, ஸ்கேல் ஒன்று, நீல மைப் பேனா ஒன்று. தேதி, அறை எண், வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம், கையெழுத்து. மூன்று மாதத்துக்கு வேண்டும்.

"இருபத்தேழு வயசுல ஹோம்வொர்க் எழுதற. இதுக்குத்தான் படிச்சியா?" என்றாள் நர்ஸ் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே.

"நீங்க வார்டன். வார்டன் மாதிரி பேசுங்க."

"வார்டன்னா இந்த நோட்டை நானில்ல எழுதணும்?"

"உங்க கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். மாமாவுக்குப் புரியாது."

வீட்டில் அவளுக்குப் 'பெரியவ' என்றுதான் பேர். அவளுக்குப் பின்னால் ஒரு சின்னவள் இருப்பதால் அப்படி. அப்பா சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் மிதிக்கிறவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தது பெரியவள்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்து இந்த நகரத்துக்கு வேலைக்கு வரும்போது அப்பா மூன்று கண்டிஷன் போட்டார். பெண்கள் ஹாஸ்டலில் இருக்க வேண்டும். அந்த ஹாஸ்டலின் கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ண வேண்டும். மூன்றாவதை மட்டும் அவள் இன்றுவரை தவறவிடவில்லை.

ஹாஸ்டல் இருக்கத்தான் இருந்தது. வந்த ஏழாவது வாரம் சொந்தக்காரர் கட்டடத்தை விற்றுவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றபோது, அங்கேயே பழக்கமான நர்ஸ் அக்காதான் பதினோராவது மாடியில் இரண்டு அறை வீடு பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி மூன்று வருஷம் ஓடிப்போயிற்று. நடுவில் ஒரு தடவை அம்மா, "வார்டன் கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்டி" என்று பிடிவாதம் பிடிக்க, நர்ஸ் அக்கா போனை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள். அன்றிலிருந்து அவள் வார்டன். அம்மா அந்த வார்டனுக்கு ஒரு புடவைகூட எடுத்து அனுப்பியிருந்தாள்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். ஆனால் சின்னவளுக்கு வேறொரு நாட்டில் வேலை கிடைத்துவிட்டது. திங்கள்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். அப்பா பிடி கொடுக்கவில்லை. "மாமா அங்கதான டூர் போறாரு? பெரியவ எப்படி இருக்கான்னு அவர் கண்ணால பாத்துட்டுச் சொல்லட்டும். அப்புறம் இவள அனுப்பறதா வேணாமான்னு பாக்கலாம்."

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என்பதால், எந்த விஷயமும் அவர் தலையாட்டினால்தான் நகரும். ரிட்டயர் ஆனவர்கள் சங்கத்தில் நாற்பது பேர் சேர்ந்து ஐந்து ராத்திரி, ஆறு பகல், மூன்று நகரம் என்று டூர் கிளம்பியிருந்தார்கள். இந்த நகரத்தில் ஞாயிறு மத்தியானம் மட்டும் ஃப்ரீ. சின்னவளின் வேலை அந்த ஒரு மத்தியானத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

சின்னவள் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அக்கா, உன்னால முடியுமா முடியாதா?"

"முடியும்டி. நீ மூடிக்கிட்டு மெயிலை டைப் பண்ணி வை."

வாசலில் செருப்புகளைப் பரப்பினார்கள். ஆளுக்குப் போட்டுக்கொள்ள ஒன்று போக, இரண்டு பேரிடமும் இருந்தது மொத்தம் எட்டு ஜோடி. கதவில் 'பெண்கள் விடுதி, பார்வையாளர் நேரம் 2 முதல் 5 வரை' என்று ஆபீசில் பிரிண்ட் எடுத்த தாளை ஒட்டினார்கள். நோட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரி எழுதிவைத்தாள் பெரியவள்: அறை எண் 3, வெளியே 12.30. ஒன்று இருபதுக்கு ஹோட்டல் வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. கிளம்புகிற அவசரத்தில் எழுத மறந்துவிட்டால் என்ன ஆவது என்று முன்கூட்டியே எழுதிவிட்டாள். தன் கெட்டிக்காரத்தனத்தில் தனக்கே ஒரு பெருமை.

ஞாயிறு காலை பதினொன்றே முக்காலுக்கு மாமாவிடமிருந்து மெசேஜ். "சாப்பாடு சீக்கிரம் முடிந்தது. 12.40க்கு வா." ஈரத் தலையை அப்படியே முடிந்துகொண்டு ஓடினாள். நோட்டு ஞாபகத்துக்கே வரவில்லை.

ஹோட்டல் வாசலில் நாற்பது பேரும் ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். மாமா தனியாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் குட்டி நோட்டு. பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா. அவளைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னண்டு நாப்பது. கரெக்டா வந்துட்ட."

"எப்படி இருக்கீங்க மாமா? பிளேன்ல காது வலிச்சுதா?"

"காது கிடக்கட்டும். பதினெட்டு நிமிஷம் லேட்டா எடுத்தான். கேட்டா ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்கறான்." சொல்லிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "இளைச்சுட்டியே. ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் போடறாங்க."

தன் சமையலுக்குத் தானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டு ரயிலடிக்குக் கூட்டிப்போனாள்.

அவருக்கென்று ஒரு கார்டு வாங்கிக் கையில் கொடுத்தாள். தட்டினால் கேட் திறக்கும், இறங்குகிற இடத்தில் மறுபடி தட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். மாமா தலையாட்டினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அவள் கார்டைத் தட்டி உள்ளே போனதும், மாமா அவள் பை வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஒட்டி வந்துவிட்டார். திருவிழாக் கூட்டத்தில் குடும்பமே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போய்ப் பழகிய கை, கேட்டைக் கண்டால் விடுமா? இதை அவள் கவனிக்கவில்லை. ரயிலில் உட்கார்ந்ததும் அவர், "பன்னண்டு அம்பத்தஞ்சு" என்று எழுதிக்கொண்டதைத்தான் கவனித்தாள்.

"இதெல்லாம் எதுக்கு மாமா எழுதறீங்க?"

"முப்பத்தாறு வருஷம் எழுதின கை. எழுதலன்னா வண்டி வந்த மாதிரியே இருக்காது."

ஒன்று முப்பத்தெட்டுக்கு இறங்கினார்கள். வெளியேறும் கேட்டில் மாமா கார்டைத் தட்டினார். சிவப்பு. மறுபடி தட்டினார். மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசை நீண்டது. உள்ளே நுழைந்ததற்குப் பதிவில்லாத கார்டு வெளியே போக விடாது. மாமா கேட்டுக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். முப்பத்தாறு வருஷம் பஸ்ஸை உள்ளே விட்டு வெளியே விட்ட மனிதர், இடுப்பு உயரக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் திருதிருவென்று முழித்தார்.

யூனிபார்ம் போட்ட ஆள் ஒருத்தன் வந்தான். மாமாவிடம் என்னவோ கேட்டான். மாமா டூர்த் தொப்பியை எடுத்துக் காட்டினார். அதுதான் தன் அடையாள அட்டை என்று நினைத்துவிட்டார் போல. யூனிபார்ம்காரன் குரலை உயர்த்தினான். அவ்வளவுதான், பெரியவள் இந்தப் பக்கத்திலிருந்து அந்த ஊர் மொழியில் பிடித்துக்கொண்டாள். அவள் அதை வகுப்பில் படிக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குகளிடம் கற்றுக்கொண்டது. அதில் மரியாதைச் சொற்கள் கொஞ்சம் குறைவு. வயசானவர், முதல் தடவை வருகிறார், இவள் கூடவே ஒட்டி வந்துவிட்டார், காசைப் பிடித்துக்கொள், கத்தாதே. யூனிபார்ம்காரனும் விடவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் அவன் ஒரு மிஷினில் கார்டை வைத்து எதையோ அழுத்த, கேட் திறந்தது. போகும்போது அவன் மாமாவுக்கு ஒரு வணக்கம்கூட வைத்தான்.

மாமா படியேறினார். அப்புறம் குட்டி நோட்டை எடுத்தார். "ஒண்ணு நாப்பத்தி ரெண்டு, கேட் பூட்டு. ஒண்ணு நாப்பத்தி ஒம்பது, திறந்தது." எழுதி முடித்துவிட்டு, "ரொம்பக் கத்தற" என்றார்.

"கத்தலன்னா நீங்க இன்னும் உள்ளதான் நின்னுட்டிருப்பீங்க."

"அதுவும் சரிதான்."

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வார்? 'பொண்ணு நாலு பேர் முன்னால ஆம்பளையோட சண்டை போடறா' என்றா, 'என்னை மீட்டுட்டு வந்தா' என்றா? அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. டிப்போ முகம் அது.

ரயிலடியை ஒட்டியே ஒரு பெரிய கடைக் கட்டடம். அங்கே மாமாவின் ஷாப்பிங். அத்தை கொடுத்த லிஸ்டில் நகவெட்டி ஆறு, தலைவலித் தைலம் பன்னிரண்டு, டார்ச் லைட் இரண்டு. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் நம் ஜனங்கள் நகவெட்டி வாங்காமல் திரும்புவதில்லை. ஒவ்வொரு நகவெட்டியையும் மாமா தன் கட்டை விரலிலேயே வெட்டிப் பார்த்து எடுத்தார். ஆறாவதுக்கு நகம் மிச்சமில்லை.

"உன் ஆபீஸைக் காட்டுன்னு உங்கப்பன் சொன்னான்."

"ஞாயித்துக்கெழம பூட்டியிருக்கும் மாமா. வேலையைக் காட்டறேன், வாங்க."

கட்டடத்தின் லிஃப்டில் ஏற்றினாள். உள்ளே, பொத்தான்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு அட்டை. மாதா மாதம் லிஃப்டைச் சோதித்த தேதி, நேரம், கையெழுத்து. "இது எங்க கம்பெனி பாத்துக்கற லிஃப்ட். மெக்கானிக் வேலை பாப்பாரு. நான் மேல ஏறி கயிறு, பிரேக் எல்லாம் சரியான்னு பாத்து கையெழுத்துப் போடணும். நான் போட்டாத்தான் இது ஓடும்."

"மேலன்னா? கூண்டுக்கு மேலயா?"

"கூண்டுக்கு மேலதான்."

மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அட்டையைப் படிக்க ஆரம்பித்தார். எட்டாவது மாடி வந்தது. கதவு திறந்தது, மூடியது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது. அவர் மாசக் கணக்கில் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நீல மை, கறுப்பு மை, ஒரு இடத்தில் பென்சில். ஒரு தேதியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் அவள் சின்னதாக ஒரு கையெழுத்து போட்டிருந்தாள். "பத்து பதினேழு. மூணு நாப்பத்தொண்ணு. இது உன் கையெழுத்தா?" என்று விரல் வைத்துக் கேட்டார். "ஆமா" என்றாள். போனை எடுத்துப் போட்டோ பிடித்தார். முதல் தடவை அவர் கட்டை விரல்தான் விழுந்தது. இரண்டாம் தடவை சரியாக விழுந்தது.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு வீட்டு வாசலில் நின்றார்கள்.

மாமா செருப்புகளைப் பார்த்தார். தாளைப் படித்தார். நர்ஸ் அக்கா கதவைத் திறந்தாள். அம்மா அனுப்பிய புடவையைச் சுற்றிக்கொண்டு, படிக்கிற கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டிருந்தாள். நாடகத்துக்கு வேஷம் கட்டியவள் மாதிரிதான் இருந்தது.

"வாங்க சார். விசிட்டர்ஸ் ஹால்ல மட்டும்தான் உக்காரணும். உள்ள அலோ பண்றதில்ல."

உள்ளே உட்கார வைக்க இடமும் இல்லை என்பது வேறு விஷயம். ஹாலே ஒரு போர்வை அகலம்தான்.

"மத்த பொண்ணுங்க?"

"ஞாயித்துக்கெழம இல்லையா சார், வெளிய போயிருக்காங்க. எல்லாரும் ஒன்பதுக்குள்ள வந்துடணும். கேட்டைப் பூட்டிடுவோம். எழுதி வெச்சிட்டுத்தான் போகணும்." நோட்டைத் தானாகவே நீட்டினாள். அதுதான் திட்டம்.

மாமா நோட்டை வாங்கினார். சாதாரண ஆள் நோட்டை வாங்கினால் திறப்பான். இவர் முதலில் அட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். நடுமுதுகை அமுக்கிப் பார்த்தார். அப்புறம்தான் திறந்தார். சிவப்புப் பேனா அதுவாகவே அவர் கைக்கு வந்துவிட்டது.

டீ வந்தது. ஆறியது. மாமா பக்கம் பக்கமாகப் போனார்.

"எத்தனை வருஷமா வார்டனா இருக்கீங்கம்மா?"

"ஆறு வருஷம் சார்."

"நல்லா நடத்தறீங்க. எட்டுப் பொண்ணுங்க, மூணு மாசம். ஒருத்திகூட ஒரு நாள்கூட லேட் இல்ல."

"கண்டிப்புன்னா கண்டிப்புதான் சார்."

"எங்க டிப்போல எட்டு வண்டி சேர்ந்தாப்ல மூணு நாள் நேரத்துக்கு வந்ததில்ல." இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். "எட்டு அம்பது. எட்டு நாப்பத்தஞ்சு. எட்டு அம்பது. எட்டு நாப்பது. எல்லாம் அஞ்சுலயும் சைபர்லயும்தான் முடியுது. மனுஷங்க அப்படி வர மாட்டாங்கம்மா. எட்டு நாப்பத்தேழுக்கு வருவாங்க. எட்டு அம்பத்திரண்டுக்கு வருவாங்க. மூச்சு வாங்கிட்டு வந்து அடிச்சுத் திருத்துவாங்க. பேனா எழுதாது, பென்சில்ல எழுதுவாங்க. இதுல மூணு மாசமும் ஒரே பேனா. அதுவும் ஒரே மூச்சுல எழுதின பேனா."

நர்ஸ் அக்கா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள்.

"சரி, அத விடுங்க. அறை எண் மூணு எது?"

"என்னோடது" என்றாள் பெரியவள்.

மாமா தன் குட்டி நோட்டைத் திறந்து பெரிய நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இன்னைக்கு வெளிய போனது பன்னண்டரைன்னு எழுதியிருக்கு. பன்னண்டு நாப்பதுக்கு நீ ஹோட்டல் வாசல்ல நிக்கற. ரயில் மட்டும் நாப்பத்தி மூணு நிமிஷம், நானே எழுதி வெச்சிருக்கேன். பத்து நிமிஷத்துல பறந்து வந்தியாம்மா?"

நர்ஸ் அக்கா டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வாசல்ல எட்டு ஜோடி செருப்பு. ரெண்டே ரெண்டு சைஸு" என்றும் சொல்லி முடித்தார்.

பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போன மாதம்தான் ஒரு மெக்கானிக்கைப் பிடித்திருந்தாள். ஆறு மாதத்து லிஃப்ட் அட்டையை ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியிருந்தான். எப்படிக் கண்டுபிடித்தாள்? ஒரே பேனா. எல்லா நேரமும் சைபரில் முடிந்தது. மெமோ கொடுத்தபோது, 'என்னை என்ன முட்டாள்னு நினைச்சியா?' என்று கேட்டவள் அவள். அதே வேலையைத் தானே செய்து, அதையும் ஒரு டைம் கீப்பரிடம் போய் நீட்டியிருக்கிறாள். இதைவிட வெட்கக்கேடு வேறு வேண்டுமா?

"பொய்தான் மாமா. ஹாஸ்டலே கெடையாது. இவங்க வார்டன் இல்ல, நர்ஸு. நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம். ஹாஸ்டலை வித்துட்டாங்க, வந்த ரெண்டாவது மாசமே."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

மாமா யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "பெட்டியக் கட்டிட்டு வந்துடுன்னு சொல்லியிருப்பேன்."

"அப்புறம் என்ன மாமா கேக்கறீங்க? லிஃப்ட்ல ஆள் மாட்டினா மணி பாத்தா மாட்டறான்? ராத்திரி ரெண்டு மணிக்குப் போயிருக்கேன். ஒரு கர்ப்பிணிப் பொண்ணு அம்பது நிமிஷம் உள்ள கெடந்துது. எங்க ஹாஸ்டல்ல கேட் பூட்டிட்டாங்கம்மா, காலைல வரேன்னு சொல்லச் சொல்றீங்களா? கூண்டுக்கு மேல ஏறி நிக்கறது சரி. வீட்டுக்கு ஒன்பதரைக்கு வந்தா தப்பா?"

"கத்தாத."

"கத்துவேன். உங்க பையன் ஊரை விட்டுப் போய் அஞ்சு வருஷம் ஆச்சு. அவன் ரூம்ல என்ன நோட்டு வெச்சிருக்கான்னு ஒரு நாள் போய்ப் பாத்தீங்களா? சிவப்புப் பேனா எடுத்துக்கிட்டு?"

நர்ஸ் அக்கா மெல்ல, "பெரியவளே" என்றாள். மாமா பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"பாக்கல" என்றார்.

ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். அப்புறம் எழுந்து, ஹாலைத் தாண்டி ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டு எடுத்தார். பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய ஆபீஸ் யூனிபார்மைத் தொட்டுப் பார்த்தார். கிரீஸ் கறை போகவில்லை. திரும்பி வந்து, "வார்டன் வேஷம் உங்களுக்குப் பொருந்தலம்மா" என்று நர்ஸ் அக்காவிடம் சொன்னார்.

"எனக்கும் தெரியும் சார். இவதான் கேக்கல."

கிளம்பும்போது பெரிய நோட்டில் கடைசி வரிக்குக் கீழே அவரே எழுதினார்: பார்வையாளர், உள்ளே 2.51, வெளியே 4.07. கையெழுத்து போட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

ரயிலில் இந்தத் தடவை கார்டை ஒழுங்காகத் தட்டினார். நாற்பத்து மூன்று நிமிஷமும் பெரியவள் மனசுக்குள் சின்னவளிடம் பேசிக்கொண்டே வந்தாள். 'முடியும்டின்னு சொன்னேன். கெடுத்துட்டேன். நோட்டு எழுதாம விட்டிருந்தா ஏதாவது வாயால சமாளிச்சிருக்கலாம். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.' மாமாவிடம் கெஞ்சலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஹாஸ்டல் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க மாமா. அவர் சொல்ல மாட்டார். ஓடாத வண்டியை ஓடினதாக எழுதுகிற ஆள் இல்லை. சொல்ல வைத்தாலும், அப்புறம் அந்த எழவு ஹாஸ்டலை இன்னும் எத்தனை வருஷம் நடத்துவது?

ஐந்தரைக்கு அப்பா போன் பண்ணுவதாகப் பேச்சு. ஹோட்டல் வாசலில் டூர் பஸ் வந்து நின்றிருந்தது. ஒரே நிறத் தொப்பிகள் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தன. சரியாக ஐந்தரைக்கு மாமாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், பாத்தீங்களா? ஹாஸ்டல் எப்படி? கேட்டெல்லாம் பூட்டறாங்களா?"

மாமா வாயைத் திறப்பதற்குள் பெரியவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, நான்தான் பேசறேன். ஹாஸ்டல் இல்லப்பா. வித்துட்டாங்க. மூணு வருஷமா ஒரு வீட்லதான் இருக்கேன், ஒரு நர்ஸ் அக்காவோட. மாமாவை ஏமாத்தப் பாத்தேன். அவர் கண்டுபிடிச்சிட்டாரு. கோவம்னா என்னைத் திட்டுங்க. சின்னவ வேலைல கை வைக்காதீங்க. அவ ஒரு பொய்யும் சொல்லல."

முதலில் வந்தது அம்மா குரல், எங்கோ பின்னாலிருந்து: "ஐயோ, அப்ப அந்த வார்டன்? நான் புடவை எடுத்து அனுப்பினேனேடி!"

"அந்த நர்ஸ் அக்காதாம்மா. இன்னைக்குக் கட்டியிருந்தாங்க. நல்லா இருந்துது."

"மூணு வருஷம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். சுவரில் பெயிண்ட் உரிந்து விழுகிற மாதிரி ஒரு குரல். "மச்சான் கிட்ட குடு."

கொடுத்தாள். மாமா குட்டி நோட்டைத் திறந்துகொண்டார். நேரில் உட்கார்ந்து ரிப்போர்ட் படிக்கிற மாதிரியே படித்தார். "பொய் சொன்னது தப்பு மாப்ள. அத முதல்ல எழுதிட்டேன். பன்னண்டு நாப்பதுக்கு வரச் சொன்னேன், வந்தா. ஒண்ணு நாப்பத்தி ரெண்டுக்கு நான் ஒரு கேட்டுல மாட்டிக்கிட்டேன், ஏழு நிமிஷத்துல வெளிய எடுத்தா. வீட்டுத் தாழ்ப்பாள் கெட்டி. லிஃப்ட்ல இவ கையெழுத்து இருக்கு, போட்டோ அனுப்பறேன் பாருங்க. அந்தக் கையெழுத்து இல்லன்னா அந்த லிஃப்ட் ஓடாதாம். எட்டு மாடிக் கட்டடம்."

"அதெல்லாம் கிடக்கட்டும் மச்சான். ஒரே வார்த்தைல சொல்லுங்க. சின்னவள அனுப்பலாமா, வேணாமா?"

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். மாமா அவனைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்: இன்னும் நேரமிருக்கிறது.

"அனுப்புங்க மாப்ள. ஆனா ஹாஸ்டல்லதான் இருக்கணும்னு சொல்லி அனுப்பாதீங்க. சொன்னா அவளும் ஒரு நோட்டு எழுதணும்."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போன் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த வீட்டில் மாமா சொன்னதற்கு மேல் பேச்சு கிடையாது என்பது பெரியவளுக்குத் தெரியும். சின்னவள் போகப்போகிறாள். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் கோபம்தான் முதலில் வந்தது.

"பாத்தீங்களா மாமா? மூணு வருஷமா இங்க பொழைக்கறவ நான். நான் சொன்னதுக்கு பதில் இல்ல. ஒரு மத்தியானம் சுத்திப் பாத்தவரு நீங்க, நீங்க சொன்னதுதான் செல்லுது. போகப்போறவ அவ. அவகிட்ட ஒருத்தரும் கேக்கல."

"கேட்டா என்ன சொல்லுவா?"

"போறேன்னு சொல்லுவா."

"அதத்தான நானும் சொன்னேன்?"

"அது வேற மாமா. இது வேற."

மாமாவுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. நகவெட்டிப் பையை ஒரு கையிலும் தைலப் பையை இன்னொரு கையிலும் மாட்டிக்கொண்டு படியேறினார். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினார்.

"அந்த மெக்கானிக்கு பேனாவ மாத்தல. நீயும் மாத்தல. எல்லாரும் அங்கதான் மாட்டுவாங்க" என்றார்.

மெக்கானிக் கதையை அவரிடம் சொன்ன ஞாபகமே அவளுக்கு இல்லை. பிறகுதான் உறைத்தது, அவர் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது நர்ஸ் அக்கா பின்னாலேயே போய் எல்லாவற்றையும் ஒப்பித்திருப்பாள். வார்டன் லட்சணம் அவ்வளவுதான்.

பஸ் ஆறு மூன்றுக்குக் கிளம்பியது. மாமா ஜன்னலுக்குள்ளே எழுதிக்கொள்வது தெரிந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் சின்னவளிடமிருந்து மெசேஜ். "மெயில் அனுப்பிட்டேன். நாளைக்கு வரைக்கும் காத்திருக்கல, மனசு மாறிட்டா என்ன பண்றது? மாமாவுக்கு ஒரு கும்பிடு, உனக்கு ரெண்டு. அப்பா சாப்பிடல. உன்கிட்ட பேச மாட்டாராம். அம்மா புடவையைத் திருப்பிக் கேக்கறா." கடைசி வரிக்குப் பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று.

அடுத்த ஞாயிறும் அவள் போன் பண்ணுவாள். அப்பா எடுக்க மாட்டார். அதற்கடுத்த ஞாயிறும் பண்ணுவாள். எடுக்கிற வரைக்கும் பண்ண வேண்டியதுதான். அந்த ஒரு கண்டிஷனை மட்டும் அவள் மீறியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது நர்ஸ் அக்கா ட்யூட்டிக்குக் கிளம்பியிருந்தாள். புடவை மடித்து நாற்காலியில் இருந்தது. வாசலில் எட்டு ஜோடியும் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போட்டாள். கதவிலிருந்த தாளைக் கிழித்தாள். பெயிண்டும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அப்பா பார்த்தால் திட்டுவார், செலோடேப்பை இப்படியா பிய்ப்பது என்று.

மேஜையில் நோட்டு. எழுதின பக்கங்களை மொத்தமாகப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். மாமாவின் வரியும் அதோடு போயிற்று. மீதி முக்கால் நோட்டு வெள்ளையாக, கோடு போடாமல் இருந்தது. கெட்டி அட்டை, நல்ல தாள். திங்கள்கிழமை ஆபீசுக்கு எடுத்துப் போனால் ஏதாவது ஒரு லிஃப்டுக்கு ஆகும் என்று பையில் வைத்துக்கொண்டாள்.